நின்றே கிடக்கும் கார், காய்ந்துபோன ஓஸ்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் லைன் கோளாறுகள்

காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கம் வீட்டுக் கொட்டகைகளில் இருக்கும் பழைய இரண்டு சீட்டு கார்கள் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் நின்றே கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். தை பிறந்து கல்யாணம் வந்தால், அல்லது பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கு ஊர் கூடினால், கவரை உருவிச் சாவியைப் போடுவார்கள். அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் முக்கால்வாசி நேரம் எஞ்சினில் ஒன்றும் இருக்காது. டேங்குக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஓடும் குழாயும் ரப்பர் ஓஸும்தான் காரணம்.

இங்கே எழுதியிருப்பது எம்.ஜி. டி.டி., டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களையும் மனதில் வைத்து. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் சட்டத்தை வைத்துக் கட்டியதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். டி.டி.யில் எஸ்.யூ. கம்பெனியின் மின்சார பம்ப் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில், எஞ்சின் சுற்றினால் மட்டும் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினோடு பொருத்தியிருக்கிறது. இரண்டிலும் டேங்க் பின்னால். அதனால் டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வருகிறது. பம்பிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் தள்ளப்பட்டுப் போகிறது. தள்ளும் பக்கம் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கம் விரிசல் விட்டால் ஒழுகாமலே காற்றை இழுக்கும், ஒன்றும் தெரியாது. பாதிக் குழப்பம் இதில்தான்.

கை வைப்பதற்கு முன்

காரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளுங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். பம்பை ஓடவிட்டுப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் திரும்ப மாட்டினால் போதும். குண்டு பல்பு போட்ட கை விளக்கு வேண்டாம், எல்.இ.டி. டார்ச் போதும். பவுடர் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாளித் தண்ணீர் பெட்ரோல் தீக்கு உதவாது, தீயைப் பரப்பிவிடும். வடிக்கும் பெட்ரோலைத் தகர கேனில் பிடியுங்கள், பிளாஸ்டிக் வாளியில் வேண்டாம். அதைச் சாக்கடையிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

கோளாறு 1: வாடை வருகிறது, சொட்டு தெரியவில்லை

கோட்டையூரில் ஒரு ஆச்சி, "தம்பி, வளவு வரைக்கும் பெட்ரோல் வாடை வருது. விளக்கேத்தவே பயமா இருக்கு"ன்னு சொன்னார்கள். அவர்கள் பயந்தது சரி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து போகும். காருக்குப் பக்கத்தில் லேசாகத்தான் வாடை, ஆனால் பத்தடி தள்ளி விளக்கோ இன்வெர்ட்டரோ இருந்தால் அங்கே ஆபத்து. வாடை வந்தால் முதல் வேலை காரை வெளியே தள்ளுவது. தேடுவதெல்லாம் அப்புறம்.

தேடும்போது செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்திருக்கிறதா? விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து திரும்ப எழ வேண்டும். எழவில்லையென்றால் மாற்றுங்கள்.

அடுத்து, டேங்கை முழுக்க நிரப்பினால் மட்டும் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் ஸ்பிட்ஃபயரில் மூடிக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் பெரிய ரப்பர் கழுத்தைச் சந்தேகப்படுங்கள். டேங்க் சீட்டுக்குப் பின்னால், டிக்கிக்குள் இருப்பதால் அந்த வாடை நேராக உட்காரும் இடத்துக்கு வரும். டேங்கின் அளவு காட்டும் கருவிக்கு அடியில் இருக்கும் வாஷரும் இதே தொந்தரவைத் தரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ஓஸ்தான். வெறும் கையால் தடவிப் பார்ப்பதைவிட, வெள்ளைத் துணியை ஓஸைச் சுற்றிக் கட்டி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் துணி பழுப்பேறி வாடை அடித்தால் அந்த ஓஸ் வியர்க்கிறது. ரப்பர் வழியாகவே பெட்ரோல் கசிந்து ஆவியாகிறது என்று அர்த்தம். கிளாம்பை இன்னும் முறுக்கினால் நிற்காது. ஓஸை மாற்றியே ஆக வேண்டும்.

கோளாறு 2: சொட்டுகிறது

கார் அடியில் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து விரியுங்கள். சிமெண்ட் தரையில் பெட்ரோல் சீக்கிரம் காய்ந்துவிடும். அட்டையில் வளையம் பதியும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் சொட்டினால் பம்புக்கு அந்தப்புறம், அதாவது கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். குழாயை இணைக்கும் யூனியன் நட்டு, அதற்குள் இருக்கும் ஃபைபர் வாஷர், கிளாம்ப், கடைசியாக ஓஸ். பழைய ஃபைபர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், ஒரு தடவை நசுங்கியது இரண்டாம் தடவை அடைக்காது. சொட்டு கார்புரேட்டரின் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து வந்தால் லைனில் குற்றமில்லை. கோளாறு 6-க்குப் போங்கள்.

நிற்கும்போது மட்டும் சொட்டினால் உறிஞ்சும் பக்கம், டேங்கின் மட்டத்தைவிடத் தாழ்வான இடத்தில். சேசிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாயைக் கிளிப் கிளிப்பாகக் கழற்றிப் பாருங்கள். துரு பெரும்பாலும் கிளிப்புக்கு அடியில் இருக்கும். நம் செம்மண் தூசி அங்கே போய் அடைந்து, மழையில் நனைந்து, வருடக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கிளிப்பை எடுத்தால் குழாய் ஊசி போனால் துளை விழும் அளவுக்கு அரித்திருக்கும்.

அந்த இடத்தை மட்டும் அறுத்து நடுவில் ஒரு துண்டு ஓஸ் போட்டு ஒட்டுப் போடுவது இங்கே வழக்கம். வழியில் நின்றுபோன காரை வீடு சேர்க்க அது போதும். அதோடு விட்டுவிடக் கூடாது. ஒரு கிளிப்புக்கு அடியில் அரித்த குழாய் மற்ற கிளிப்புகளுக்கு அடியிலும் அரித்திருக்கும்.

டேங்கே ஒழுகினால் உங்கள் வேலை அங்கே முடிந்தது. எம்சீல் வைத்து நாள் கடத்தாதீர்கள். பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, டேங்க் வேலை தெரிந்த ரேடியேட்டர் பட்டறைக்கு அனுப்புங்கள். காலி டேங்க்தானே என்று பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுக்கவே கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் வெடிக்கும், உள்ளே ஆவி நிற்பதால்.

கோளாறு 3: பல மாதம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் மூக்கை நம்புங்கள். டேங்க் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடைக்குப் பதிலாக வார்னிஷ் மாதிரி புளித்த வாடை அடித்தால், அதை வைத்து ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர் ஊற்றுங்கள்.

டி.டி. என்றால் சாவியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். எஸ்.யூ. பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். அந்தச் சத்தத்தைப் போல உண்மை பேசும் கருவி அந்தக் காரில் வேறில்லை.

சத்தமே இல்லையா? பம்புக்குக் கரண்ட் வருகிறதா, எர்த் வயர் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பம்பை லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் உள்ளே கரண்டை விட்டு விட்டுத் தரும் பாயின்ட் கருகியிருக்கிறது. நைஸ் எமரி பேப்பரால் தேய்த்தால் கல்யாணத்துக்குத் தாங்கும், அப்புறம் பாயின்ட் செட்டை மாற்றிவிடுங்கள்.

நிற்காமல் வேகமாக அடிக்கிறதா? டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று ஏறுகிறது, அல்லது பம்ப் வால்வு பிடிக்கவில்லை. நின்று நின்று, சில நொடிக்கு ஒரு முறை அடிக்கிறதா? தள்ளும் பக்கம் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய கார்புரேட்டர் நீடில் வால்வு மூடவில்லை.

காற்று ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: கார்புரேட்டர் பக்க ஓஸைக் கழற்றி, கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஓஸின் நுனி அதற்குள் முழுகும்படி பிடியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பாட்டிலைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். பம்பை ஓடவிடுங்கள். ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு என்றால் இக்னிஷன் காயில் (coil) வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். முதலில் கொஞ்சம் குமிழி வருவது இயல்பு. அப்புறமும் விடாமல் வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் காற்று ஏறுகிறது. குமிழி இல்லாமல், எஸ்.யூ. பம்பில் ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டர் வரைக்கும் பெட்ரோல் வந்தால், லைனை விட்டுவிட்டு ஸ்பார்க்கைப் பாருங்கள்.

குமிழி வந்தால் பின்னால் டேங்க் அருகே இருக்கும் குட்டி ஓஸிலிருந்து தேடுங்கள். யாரும் குனிந்து பார்க்காத இடம். எல்லோரும் முன்னால் தெரியும் ஓஸை மாற்றுவார்கள், பின்னால் இருப்பது கார் வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருக்கும்.

கோளாறு 4: ஊருக்குள் நன்றாக ஓடுகிறது, ரோட்டில் திணறுகிறது

செக்காலை ரோட்டில் ஒரு குறையும் தெரியாது. திருச்சி ரோட்டில் ஏறி வேகம் பிடித்தால், திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்குள் எஞ்சின் இழுக்காமல் திணறும். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். பெட்ரோல் வருகிறது, போதுமான அளவு வரவில்லை என்பதுதான் இது.

காசில்லாத சோதனை: திணறும்போது ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்குக் காற்றுப் போகும் வழி அடைத்திருக்கிறது. நின்றே கிடக்கும் கார்களில் இதற்குக் குளவிதான் முதல் எதிரி. எந்தச் சின்ன ஓட்டையையும் விடாது, மண்ணை உருட்டி அடைத்துவிடும். மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் பம்பை மாற்றியவர்கள் உண்டு.

இல்லையென்றால் ஃபில்டர். மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை, யோசிக்காமல் மாற்றுங்கள். அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். கண்ணாடி உடம்பு ஃபில்டர் பார்க்க அழகாக இருக்கும், எக்ஸாஸ்டுக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள்.

ஃபில்டரும் புதுசு, இன்னும் திணறுகிறது என்றால் ஓஸின் உள்பக்கம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வெளியே ரப்பர் கறுப்பாக, வெடிப்பில்லாமல் இருக்கும். எம்.ஜி.யில் மேலே கம்பிப் பின்னல் வேறு இருக்கும், அதற்குள் என்ன நடக்கிறதென்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறினால் உள்தோல் உரிந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு, நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். மெதுவாக உறிஞ்சினால் பெட்ரோல் அதைத் தாண்டி வரும். வேகமாக உறிஞ்சினால் அந்தத் தோலே எழுந்து வழியை அடைத்துவிடும். வாயால் ஊதிப் பார்த்தால் நன்றாகத்தான் போகும், ஏனென்றால் நீங்கள் ஊதும் திசையில் அது படுத்துவிடும். அதனால் ஊதிப் பார்த்து "ஓஸ் நல்லா இருக்கு" என்று சொல்லும் எந்த மெக்கானிக்கையும் நான் நம்புவதில்லை.

ஓஸும் புதுசென்றால் இரும்புக் குழாய், டேங்க் வடிகட்டி. பம்ப் பக்கம் லைனைக் கழற்றுங்கள். பம்போடு சேர்த்து ஊதினால் அதன் வால்வு போய்விடும். டேங்க் மூடியைத் திறந்து வைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாக லைனுக்குள் காற்றடியுங்கள். டேங்குக்குள் களக் களக் என்று தாராளமாகச் சத்தம் கேட்க வேண்டும். கை கனத்து, சத்தம் முனகலாகக் கேட்டால் அடைப்பு. ஊதியதும் சரியாகி, அடுத்த வாரம் மறுபடி திணறினால் டேங்க் முழுக்கத் துருவும் கசடும் இருக்கிறது. டேங்கைக் கழற்றிக் கழுவ ஆள் கூப்பிடுங்கள்.

கோளாறு 5: சூட்டில் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

சித்திரை, வைகாசியில் வரும். கார் ஓடி, குன்றக்குடி மலையடியில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது. அரைமணி கழித்து ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். இரண்டு கார்களிலும் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கம் இருக்கின்றன. நிறுத்தியதும் சூடு மேலே ஏறி, லைனில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ளாது.

நின்ற உடனே கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள், எக்ஸாஸ்டில் ஒரு சொட்டு விழாமல். உள்ளே பெட்ரோல் இருந்தால் ஆவியைக் குறை சொல்லாதீர்கள். சூட்டில் கைவிடும் காயிலையோ கண்டென்சரையோ பாருங்கள். அறிகுறி அச்சாக ஒரே மாதிரி இருக்கும்.

கிண்ணம் காலியாக இருந்தால், ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓஸ் போகும் வழியை மாற்றுங்கள். எக்ஸாஸ்டிலிருந்து நாலு விரல்கடைக்கும் அதிகமாக விலகி இருக்கட்டும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் இறக்கி ஏற்றிய கார்களில் அது அடிக்கடி காணாமல் போயிருக்கும்.

கோளாறு 6: கார்புரேட்டர் வழிகிறது, கிண்ணத்தில் கறுப்புத் தூள்

தூளை விரலில் எடுத்துத் தேயுங்கள். மை மாதிரி இழுவினால் ரப்பர், ஓஸ் உள்ளே கரைகிறது. நறநறவென்று பழுப்பாக இருந்தால் துரு, குழாயோ டேங்கோ. கிண்ணத்தைக் கழுவி, நீடில் வால்வைச் சுத்தம் செய்தால் இன்றைக்கு நிற்கும். மூலத்தை மாற்றாவிட்டால் திரும்ப வரும்.

தூளே இல்லாமல் வழிந்தால் கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட்டைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. அதுவும் இல்லை, யாரோ மின்சார பம்ப் மாற்றியிருக்கிறார்கள் என்றால் எந்தப் பம்ப் என்று கேளுங்கள். இந்தக் கார்புரேட்டர்கள் மூன்று பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்துக்கு மேல் தாங்காது. புதுக் காரின் இன்ஜெக்‌ஷன் பம்ப் நாற்பதுக்கும் மேல் தள்ளும். அதைக் கழற்றும் வரை காரை எடுக்க வேண்டாம்.

மாற்றுவதென்று முடிவானால்

எல்லா ரப்பரையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்று போனால் அதே வயதுள்ள மற்றவையும் போகும் நேரம்தான்.

வாங்கும்போது ஓஸ் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக் குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்6, ஆர்7 விலை குறைவு, கார்புரேட்டர் காரின் அழுத்தத்துக்கும் போதும். ஆனால் 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியபின் நான் அவற்றை வாங்குவதில்லை. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊறவைத்து, பெட்ரோல் வற்றியதும் காயவைத்து, வெடிக்க வைக்கிறது. காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. நின்றே கிடக்கும் காருக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம். ஆர்9-இன் உள்தோல் ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலுக்கு அசையாது. பம்புக்குள் அசையும் சவ்வான டயஃப்ரத்தையும் இதே கண்ணோடு கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி மாதிரி தெரியும் பி.வி.சி. டியூப், சமையல் கேஸ் டியூப் இரண்டும் கூடாது. முதலாவது சூட்டில் தொங்கி அடைத்துக்கொள்ளும், இரண்டாவது பெட்ரோலுக்காகச் செய்ததே இல்லை. அளவு பழைய குழாயை வெர்னியரில் பிடித்துப் பார்த்தபின் வாங்குங்கள். 5/16 அங்குலத்துக்கு 8 மி.மீ. சரியாக உட்காரும், கால் அங்குலத்துக்கு 6 மி.மீ. கொஞ்சம் இறுக்கமாக ஏறும். நுனியில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவினால் போதும்.

இரும்புக் குழாய்க்குப் பதிலாக ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் செம்புக் குழாய் வாங்கி வளைப்பது நம் ஊரில் சுலபமான வழி. செம்பு அதிர்வில் இறுகி, நுனியை விரித்திருக்கும் ஃப்ளேர் கழுத்தில் விரிசல் விடும். இரும்போ செம்பு-நிக்கலோ போடுங்கள், ஓர் அடிக்கு ஒரு கிளிப், சேசிஸைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம். ஃப்ளேர் அடிக்கும் கருவியும் பழக்கமும் இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையை மட்டும் பிரேக் லைன் செய்யும் ஆளிடம் கொடுங்கள். பழைய குழாயை வளையாமல் கழற்றி மாதிரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். எம்.ஜி.யில் மரையைப் பார்த்து வாங்குங்கள். போல்ட் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு, மரை மில்லிமீட்டர், பெட்ரோல் யூனியன் பிரிட்டிஷ் குழாய் மரை என்று ஒரே எஞ்சினில் மூன்று விதமான நியாயம். பொருந்தாததை முறுக்கி ஏற்றினால் பித்தளை யூனியன் போய்விடும், அது காரைக்குடியில் கிடைக்காது.

கிளாம்பும் அதே கடையில் வாங்குங்கள். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் மெல்லிய ஓஸை அறுத்துவிடும். விளிம்பு மடித்த, உள்பக்கம் வழுவழுப்பான சின்ன கிளாம்ப் கேளுங்கள். குழாய் நுனியின் மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. ரப்பர் பிதுங்கும் வரை முறுக்க வேண்டாம்.

முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு எல்லா இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெக்கானிக்கல் பம்பென்றால் காயில் வயரைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் போதும். அப்புறம் நின்ற இடத்திலேயே கால்மணி நேரம் ஓடட்டும். பிள்ளையார்பட்டி வரை போய்வந்து, ஆறியபின் கிளாம்புகளை ஒரு சுற்று சரிபாருங்கள், புது ரப்பர் அமுங்கி லேசாகத் தளர்ந்திருக்கும். மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு தகர வில்லையில் பொறித்துப் பம்ப் பக்கத்தில் கட்டிவிடுங்கள். அடுத்த தடவை கவரை உருவுவது உங்கள் மகனோ மருமகனோ ஆக இருக்கலாம், ஓஸுக்கு வயது என்ன என்று அவர்கள் போன் செய்து கேட்க வேண்டியிருக்காது.